பெயரற்ற உடலும் உடலற்ற பெயரும்

'போய் வருகிறேன்' என்று சொல்லியே நாம் விடைபெறுகிறோம். 'போகிறேன்' என்று யாரேனும் வாய்தவறிச் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள மூத்தோர் உடனே திருத்துவர். பயணம் என்றாலே திரும்பி வருதலும் அதில் அடக்கம் என்ற நம்பிக்கையே அத்திருத்தத்தின் அடிப்படை. அதிலும் அலுவல் நிமித்தமாகப் புறப்படுகிறவரின் பயணத்தில் ஐயத்திற்கே இடமிருப்பதில்லை. எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை நாள், யாரைச் சந்திப்பது என்பதெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டவை. மலையேறச் சென்றவர் காணாமற்போகலாம், கடலோடி காணாமற்போகலாம். கணக்குத் தாள்களையும் இரண்டு மாற்றுடைகளையும் எடுத்துக்கொண்டு இரயிலேறிய ஒருவர் காணாமற்போனால், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜப்பானியர் இதற்கு இரு சொற்களை வைத்திருக்கின்றனர். முற்காலத்தில் ஒருவர் காரணம் தெரியாது மறைந்துவிட்டால், அதைக் 'காமிகாகுஷி' என்றனர். தெய்வம் ஒளித்துவைத்துக்கொண்டது என்பது அதன் பொருள். போருக்குப் பின் நகரங்கள் பெருகி, மனிதர் வேலை தேடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்த காலத்தில் 'ஜோஹாட்சு' என்ற சொல் பரவிற்று. நீர் ஆவியாதல் என்பது அதன் நேர்ப்பொருள். பழைய சொல்லில் முறையிடுவதற்கு ஒரு தெய்வமேனும் இருந்தது. புதிய சொல்லில் அதுவும் இல்லை. ஆவியாகிப்போன நீரை எவரிடம் சென்று கேட்பது?

பழைய சொல் தேய்ந்து புதிய சொல் வழக்குப் பெற்ற அந்த ஆண்டுகளில் தோன்றிய இரு படைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, மாட்சுமோதோ செய்ச்சோ எழுதி 1959இல் நூலாக வெளிவந்த 'பூஜ்யக் குவிமையம்' என்னும் நாவல். மற்றொன்று, இமாமுரா ஷோஹேய் இயக்கி 1967இல் வெளிவந்த 'மனிதன் ஆவியாதல்' என்னும் திரைப்படம். இரண்டிலும் ஓர் ஆண் அலுவல் பயணம் சென்று திரும்பாதுபோகிறான். இரண்டிலும் ஒரு பெண் அவனைத் தேடுகிறாள். நாவல் எல்லாவற்றிற்கும் விடை தருகிறது. திரைப்படம் எதற்கும் விடை தருவதில்லை. எனினும் இவ்விரண்டில் எது சிறந்த புதிர் என்று எடைபோடுவது நம் நோக்கமன்று. வீட்டில் தனித்து நின்றுவிட்ட அப்பெண்ணுக்கு இப்படைப்புகள் நீதி செய்கின்றனவா என்பதே நம் கேள்வி. கதையின் முடிவை மறைத்துக்கொண்டு இதை ஆராய இயலாது. ஆகவே முடிவையும் சொல்ல வேண்டியவர்களாகிறோம்.

இரு வீடுகளின் நிழற்படங்கள்

மாட்சுமோதோ 1909இல் பிறந்து 1992இல் மறைந்தவர். வறுமையினால் உயர்கல்வி வாய்க்கப்பெறாதவர். நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பிரிவில் எழுத்துருக்கள் வரைந்து பிழைத்தவர். 1952ஆம் ஆண்டுக்குரிய அகுத்தாகாவா பரிசைப் பெற்றபோது நாற்பதைக் கடந்திருந்தார். துப்பறியும் கதையைப் பூட்டிய அறைகளிலிருந்தும் செல்வர் மாளிகைகளிலிருந்தும் வெளியே கொணர்ந்து, அலுவலகங்களிலும் இரயில் நிலையங்களிலும் நிறுத்தியவர் என்று அவரைக் கூறுவர். 'யார் கொன்றார்?' என்பதைக் காட்டிலும், 'ஏன் கொல்ல நேர்ந்தது?' என்பதே அவருக்கு முக்கியம்.

நாவலின் நாயகி தெய்கோ, 26 வயதுப் பெண். பெரியோர் பேசி முடித்த திருமணம். மணமகன் உஹாரா கெனிச்சிக்கு வயது 36. விளம்பர நிறுவனம் ஒன்றின் அலுவலர். மாதத்தில் 20 நாள் வடமேற்குக் கடற்புறத்துக் கனசாவா நகரிலும் 10 நாள் தோக்கியோவிலும் இருந்து பணியாற்றி வந்தவன். கணவன் வேலை செய்யும் அந்தப் பனிநாட்டைக் காண வேண்டும் என்று மணமகள் விரும்புகிறாள். அவனோ தேன்நிலவுக்கு வேறு திசையில் அழைத்துச் செல்கிறான். சில நாள்கள் கழித்து, பொறுப்புகளைத் தனக்குப் பின் வருபவரிடம் ஒப்படைத்துத் தோக்கியோவுக்கே மாற்றலாகி வந்துவிடுவதற்காகக் கனசாவாவுக்குக் கடைசி முறையாகப் புறப்படுகிறான். இரவு வண்டியில் ஏறியவனை அவள் வழியனுப்புகிறாள். அதன்பின் அவனை அவள் காணவே இல்லை.

சிலம்பு விற்கப் போன கோவலனும் ஒருவகையில் அலுவல் பயணம் சென்றவனே. ஆயர்சேரியில் காத்திருந்த கண்ணகியின் நினைவு தமிழ் வாசகருக்கு இங்கே எழாமல் இராது. ஆனால் கண்ணகிக்குத் தன் கணவன் யார் என்பது தெரியும். அவனுடைய குறைகளும் தெரியும். தெய்கோவுக்கு அதுவும் தெரியாது. கணவனைத் தேடிப் பனி படர்ந்த அவ்வூருக்குச் சென்று இறங்கும்போதுதான், தேடப்படும் மனிதனின் முகத்தைத் தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்பதை அவள் உணர்கிறாள். அவனுடைய புத்தகம் ஒன்றினுள் அவள் கண்டெடுத்தவை இரு வீடுகளின் நிழற்படங்கள். ஒன்று செல்வர் வீடு. மற்றொன்று ஏழைக் குடியானவர் வீடு. இரண்டிலும் மனிதர் எவரும் இல்லை. காணாமற்போனவனின் வாழ்வையே இவ்விரு படங்களில் ஆசிரியர் சுருக்கிவிடுகிறார். அவன் சென்றுவந்த வாசல்கள் உள்ளன. அவன் எங்கும் இல்லை.

உண்மை மெல்ல வெளிப்படுகிறது. போர் முடிந்த ஆண்டுகளில் கெனிச்சி, அமெரிக்கப் படைத்தளம் இருந்த தாச்சிகாவாவில் காவல்துறையில் பணிபுரிந்தவன். அந்நியப் படைவீரரை நம்பித் தெருவில் நின்ற பெண்களைக் கண்காணிப்பது அவன் வேலை. பின்னாளில் கனசாவாவில் அவர்களுள் இருவரைத் தற்செயலாகச் சந்திக்கிறான். ஒருத்தி சச்சிகோ, செங்கல் நிறுவனத் தலைவரின் மனைவி. ஊரார் மதிக்கும் சீமாட்டி. மற்றவள் ஹிசாகோ, நோத்தோ கடற்கரைச் சிற்றூரில் வாழும் ஏழைப் பெண். ஹிசாகோவுடன் சோனே என்ற பொய்ப்பெயரில் கெனிச்சி குடும்பம் நடத்துகிறான். தெய்கோவை மணந்தபின் அந்த உறவிலிருந்து விடுபட வழி தெரியாது சச்சிகோவிடம் யோசனை கேட்கிறான். 'சோனே தற்கொலை செய்துகொண்டதாகக் காட்டிவிடுங்கள்' என்கிறாள் அவள். அவன் கடிதம் எழுதிவைக்கிறான். பாறை விளிம்பில் காலணிகளைக் கழற்றி வைக்கிறான். பொய்யாகச் சாகவேண்டியவனை அவள் மெய்யாகவே தள்ளிவிடுகிறாள். தன் கடந்தகாலத்தை அறிந்தவன் அவன் என்பதே அவன் செய்த குற்றம். அதை வெளியே சொல்லும் எண்ணம் அவனுக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதே இதிலுள்ள கொடுமை.

இரு கைம்பெண்கள்

இங்கேதான் இந்நாவலின் உயிர்நிலை இருப்பதாக நாம் கருதுகிறோம். ஒரே சாவு இரு வீடுகளில் இருவேறு வடிவம் கொள்கிறது. ஹிசாகோவுக்கு உடல் கிடைக்கிறது. சோனே என்பவன் தற்கொலை செய்துகொண்டான் என்று ஊர்ப் பதிவேட்டில் ஏறுகிறது. அவள் அழுது அவனை வழியனுப்புகிறாள். ஆனால் அவள் எரியூட்டியது பெயரற்ற ஓர் உடலை. தெய்கோவிடம் பெயர் இருக்கிறது, சட்டப்படியான திருமணம் இருக்கிறது, உடல் இல்லை. ஒருத்திக்குச் சடங்கு கிட்டிற்று, உண்மை கிட்டவில்லை. மற்றவளுக்கு உண்மை கிட்டிற்று, சடங்கு கிட்டவில்லை. ஒரு மனிதன் தன்னை இரண்டாக வகுத்துக்கொண்டு வாழ்ந்தால், அவனை இழந்தவர்களின் துயரமும் இரண்டாக வகுபட்டு, எவருக்கும் முழுமையாகக் கிடைக்காது போய்விடுகிறது.

கெனிச்சி அந்தப் பாறையில் காணாமற்போனவன் அல்லன். ஒவ்வொரு மாதமும் 20 நாள் ஒருத்தியிடமிருந்தும் 10 நாள் மற்றவர்களிடமிருந்தும் அவன் காணாமற்போய்க்கொண்டேதான் இருந்தான். கடைசிப் பயணம் அதைப் பிறர் அறியச் செய்தது, அவ்வளவே. தேன்நிலவின்போது மனைவியின் விருப்பத்தை அவன் தட்டிக்கழித்த அந்தச் சிறு நிகழ்ச்சியை நாவலை முடித்தபின் திரும்ப எண்ணிப் பார்க்கையில், அதன் கனம் நம்மை அழுத்துகிறது.

இனி, அந்த மறைப்புக்கு யார் பொறுப்பு? தோல்வியுற்ற நாட்டின் அரசே 1945 ஆகஸ்டில், படையெடுத்து வருவோருக்கென்று தன் ஏழைப் பெண்களைக் கூட்டிவைத்து விடுதிகள் அமைத்தது. 1946இல் அவை படைவீரருக்குத் தடைசெய்யப்பட்டபோது, அப்பெண்களுள் பலர் தெருவில் நின்றனர். 1956இல் விபசாரத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 ஏப்ரலில் அதன் தண்டனைப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. அதே 1958இல்தான் இந்நாவல் தொடராக வெளிவரத் தொடங்கிற்று. நாடு தன் பக்கத்தைத் திருப்பிவிட்டது. அப்பக்கத்தில் எழுதப்பட்டிருந்த பெண்கள் மட்டும் தம் பெயர்களைத் தாமே அழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சச்சிகோ கொலைகாரி என்பதை மாட்சுமோதோ மறைக்கவில்லை. ஆனால் அவளைக் கொலைகாரியாக்கிய அச்சத்தை விதைத்தவர்கள் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கண்ணகிக்குக் கேள்வி கேட்க ஓர் அரசவை இருந்தது. தவறு செய்த மன்னன் எதிரே அமர்ந்திருந்தான். தெய்கோ சென்று நிற்கும் பாறையின் எதிரே அலைகள் மட்டுமே உள்ளன. அதில் ஒரு சிறு படகு, சச்சிகோவைச் சுமந்துகொண்டு, புள்ளியாகி மறைகிறது. குற்றம் செய்தவளும் ஒரு பயணத்தில் காணாமற்போகிறாள்.

1961இல் நொமுரா யோஷித்தாரோ இதைத் திரைப்படமாக்கியபோது, பாறை உச்சியில் இரு பெண்களையும் நேருக்கு நேர் நிறுத்தி உண்மையைப் பேசவைத்தார். காட்சி பரபரப்பானது, பின்னாளைய தொலைக்காட்சித் துப்பறியும் நாடகங்கள் பலவும் அதைப் பின்பற்றின. எனினும் நாவலின் முடிவே உயர்ந்தது என்பது நம் கருத்து. கேட்க வேண்டியவளும் சொல்ல வேண்டியவளும் சந்திக்கவே முடியாமற்போவதில்தான் காணாமற்போதலின் உண்மை இருக்கிறது.

நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. கெனிச்சியைத் தேடிவரும் அண்ணனும், அவனுக்குப் பின் பொறுப்பேற்ற அலுவலரும் நஞ்சு கலந்த மதுவினால் அடுத்தடுத்துச் சாகின்றனர். இச்சாவுகள் கதையின் சக்கரத்தை உருட்டுகின்றனவேயன்றி, நம் மனத்தை வருத்துவதில்லை. தொலைக்காட்சியில் தற்செயலாகக் கேட்ட ஓர் உரையாடலிலிருந்து தெய்கோவுக்கு விடை புலப்படுவதும் வசதியானதாகவே தோன்றுகிறது. ஆயினும் இவற்றைவிடப் பெரிய குறை ஹிசாகோவைப் பற்றியது. நாவலில் மிகுதியாக வஞ்சிக்கப்பட்டவள் அவளே. கணவன் அவளை ஏமாற்றினான். தோழியாக வந்தவள் அவளைக் கொன்றாள். அவளை நாம் அறிவது பெரும்பாலும் பிறர் வாய்ச்சொல்லாலேயே. சச்சிகோவின் அச்சத்திற்குப் பக்கங்கள் ஒதுக்கிய ஆசிரியர், ஹிசாகோவின் துயரத்திற்கு ஒரு பக்கத்தையும் ஒதுக்கவில்லை. ஏழைகளுக்காகப் பேசிய எழுத்தாளரின் நூலிலும் ஏழைப்பெண் பேசாமலே சாகிறாள்.

சுவர்கள் அகற்றப்பட்டபோது

இமாமுராவின் திரைப்படம் கற்பனைக் கதையன்று. 1965இல் விற்பனைப் பயணம் சென்ற ஒருவர் திரும்பவில்லை. அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெண் அவரைத் தேடுகிறார். இயக்குநர் ஒளிப்பதிவாளரோடும் ஒரு நடிகரோடும் அப்பெண்ணுக்குத் துணையாகப் புறப்படுகிறார். இருவரும் உண்மை மனிதர்களாதலால் அவர்களுடைய பெயர்களை இங்கே குறிப்பிடாது விடுகிறோம்.

தொடக்கத்தில் படம் காவல்துறைக் கோப்புப் போல நகர்கிறது. உற்றார், முதலாளி, பழகியவர் என ஒவ்வொருவராகப் பேசுகின்றனர். காணாமற்போனவரின் அந்தரங்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. அவரோ மேலும் மேலும் தெளிவற்றுப் போகிறார். பிறகு கருவியின் பார்வை மெல்லத் திரும்புகிறது. தேடப்படுபவரை விட்டுவிட்டு, தேடுகிறவரைத் தேடத் தொடங்குகிறது. தம்மோடு துணைவரும் நடிகரிடமே அப்பெண்ணின் மனம் சாய்கிறது. அதை அவர் அந்த நடிகரிடம் தனிமையில் சொல்லும்போது, மறைத்துவைத்த கருவி அதையும் பதிவு செய்கிறது. படக்குழுவினர் தமக்குள் அவரை 'எலி' என்று குறிப்பிடுகின்றனர். அவருடைய தமக்கை மீது ஐயம் எழுப்பப்படுகிறது. குறிசொல்பவளின் வாக்கும் சாட்சியாக வைக்கப்படுகிறது. மெய்ப்பிக்க எவராலும் இயலவில்லை.

சகோதரியர் இருவரும் ஓர் அறையில் அமர்ந்து வாதிடுகின்றனர். எது உண்மை என்று எவருக்கும் புலப்படாத அந்த நேரத்தில், இயக்குநரின் ஆணைப்படி அறையின் சுவர்கள் அகற்றப்படுகின்றன. அது வீடன்று, படப்பிடிப்புக் கூடத்தில் எழுப்பிய அரங்கு. உண்மை என்று நாம் நம்பியதும் ஒருவர் அமைத்துக் காட்டியதே என்று படம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. உலகத் திரைப்பட வரலாற்றில் இது துணிவு மிக்க காட்சிகளுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நாம் வேறொன்றையும் கேட்கவேண்டியுள்ளது. சுவர்கள் அகன்றபோது இயக்குநர் தம் கலையின் பொய்யை அறிக்கையிட்டார். அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? மணமகனை இழந்தவர் அவர். தேடலுக்கு உதவுவதாக வந்தவர்கள் அவரையே பொருளாக்கினர். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அதற்கு ஈடுசெய்வதும் ஒன்றல்ல. அறிக்கையோடு ஒப்புரவு முடிந்துவிடுவதில்லை, பரிகாரமும் உண்டு என்பதை நம் வாசகர் நன்கறிவர். அந்த முதற்பாதியில் மட்டும் நின்றுவிடுகிறது இப்படம். ஒருவேளை இமாமுராவே இதை உணர்ந்திருக்கலாம். ஆவணப்படம் உண்மையான மனிதர்க்கு என்ன செய்கிறது என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1979இல் அவர் மீண்டும் புனைகதைப் படத்திற்கே திரும்பினார்.

கற்பனைப் பெண்ணாகிய தெய்கோ மரியாதையோடு நடத்தப்பட்டாள். உண்மைப் பெண்ணுக்கு அம்மரியாதை கிடைக்கவில்லை. காணாமற்போனவரைப் பற்றிய மர்மம் நம்மை ஈர்க்கும்போதெல்லாம் இம்முரண் நம் நினைவில் நிற்க வேண்டும். மர்மம் நமக்குச் சுவை. அவ்வீட்டாருக்கு அது ஒவ்வொரு மாலையும் கதவோசைக்குச் செவிசாய்த்தல்.

ஏழாண்டுகளும் அதற்கு அப்பாலும்

சட்டம் இதற்கு ஓர் எண்ணைக் குறித்திருக்கிறது. ஜப்பானியக் குடிமைச் சட்டப்படி ஒருவர் 7 ஆண்டுகள் உயிருடனிருப்பது தெரியாதுபோனால், நீதிமன்றம் அவரை மறைந்தவராக அறிவிக்கலாம். நம் நாட்டுச் சாட்சியச் சட்டமும் 7 ஆண்டுகளையே கணக்கிடுகிறது. சொத்துரிமைக்கும் ஓய்வூதியத்திற்கும் இந்த எண் தேவையே. திருச்சபைச் சட்டம் இவ்விடத்தில் எண் எதையும் குறிக்கவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1707ஆம் சட்டம், வாழ்க்கைத் துணைவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று அறிவிக்கும் பொறுப்பை மறைமாவட்ட ஆயரிடம் தருகிறது. அதற்கு முன் சாட்சிகளையும் அடையாளங்களையும் தக்கவாறு ஆராய்ந்து, அறநிலையில் உறுதி அடைந்திருக்க வேண்டும். எத்துணை நீண்டதாயினும் பிரிவு மட்டுமே போதிய சான்றாகாது என்பது அச்சட்டத்தின் தெளிவு.

முதலில் இது காத்திருப்பவர் மீது மேலும் சுமை ஏற்றுவதாகத் தோன்றலாம். அவ்வாறு ஏற்றவும் செய்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. காலம் கழிந்ததனாலேயே ஒரு மனிதன் இல்லாமற்போய்விடுவதில்லை. அவனைப் பற்றி விசாரிக்கும் கடமை காத்திருக்கும் பெண் ஒருத்தியின் தோளில் மட்டும் விழாது, ஒரு சமூகமே ஏற்றுச் செய்யவேண்டிய பணியாக இங்கே கொள்ளப்படுகிறது. தெய்கோ தனியே இரயிலேறிச் சென்று செய்ததை அவளுக்காகச் செய்ய எவரும் இருக்கவில்லை. கணவனின் அண்ணன்கூடத் தான் அறிந்ததை அவளிடம் முழுமையாகச் சொல்லாது மறைத்தான்.

நம் பங்குகளிலும் இத்தகைய வீடுகள் இல்லாமலில்லை. வேலைக்கென்று வெளியூர் போனவரிடமிருந்து கடிதம் நின்றுவிட்ட வீடு. கடலுக்குப் போன மகனின் நிழற்படத்துக்கு மாலையிடுவதா வேண்டாவா என்று தாய் தடுமாறும் வீடு. அவ்வீடுகளுக்குள் நுழைகையில் நாம் எதைக் கொண்டு செல்கிறோம்? 'அவன் ஏன் போனான்? அவளிடம் என்ன குறையோ!' என்னும் ஊர்வாய்க் கேள்வியைக் கொண்டு செல்வோமாயின், நாமும் ஒளித்துவைத்த கருவியோடு நுழைபவர்களே. எல்லா இறந்தோருக்காகவும் மன்றாடும் வேளையில், இறந்தவரா வாழ்பவரா என்று அறியப்படாத ஒருவரின் பெயரைச் சொல்லத் தயங்கி வாய்மூடும் ஒரு பெண் நம் அருகில் நிற்கக்கூடும். அவர் பெயரை அவரோடு சேர்ந்து நாமும் சொல்லலாம். விடை தெரியாத வீட்டுக்கு விடையை நம்மால் தர இயலாது; தனிமையைக் குறைக்க இயலும்.

ஹிசாகோவின் வீட்டு நிழற்படத்தை நாவலை மூடிய பின்னும் நம்மால் மறக்க இயலவில்லை. பூட்டிய கதவு, எதிரே குளிர்காலக் கடல். அந்த வீட்டுக்குள் சென்று, 'உங்கள் கணவரின் உண்மைப் பெயர் இது' என்று அவளிடம் சொல்ல எவரும் போகவில்லை.